பின்வரிசையின் வரலாறு: வி. பி. சத்யனை முன்வைத்துச் சில குறிப்புகள்



நினைவுப் பேருரை என்றால் ஒரு கவிஞரைப் பற்றியோ தலைவரைப் பற்றியோ பேசுவது வழக்கம். இந்த ஆண்டு இரணியலில் நாங்கள் ஒரு கால்பந்து வீரரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அவர் கோல் அடித்துப் பெயர் வாங்கியவர் அல்ல. எதிரணி கோல் அடிக்காமல் தடுக்கும் வேலையில் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் நின்றவர். பெயர் வி. பி. சத்யன். இந்திய அணியின் தலைவராக இருந்தவர். இன்று இங்கே இருக்கும் மாணவர்களில் பலர் இந்தப் பெயரை இப்போதுதான் கேட்கிறீர்கள் என்றால் அது உங்கள் குற்றமல்ல. அந்த மறதி எப்படி நேர்ந்தது என்பதும் இந்த உரையின் பகுதிதான்.

தலித் இலக்கிய மேடையில் கால்பந்துக்கு என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. யார் உழைத்தார்கள், யார் பெயர் எழுதப்பட்டது என்று விசாரிப்பதுதான் நம் இலக்கியம் இதுவரை செய்துவந்த வேலை. அந்த விசாரணையை இன்று மைதானத்துக்குக் கொண்டுபோகிறோம்.

1. ஏலாவில் ஒரு மைதானம்

எங்கள் சிறுவயதில் இந்தப் பக்கத்து ஊர்களில் மைதானம் என்று தனியாக எதுவும் கிடையாது. கும்பப்பூ அறுவடை முடிந்து, கன்னிப்பூ விதைப்புக்கு முன்னால் ஏலா காய்ந்து கிடக்கும் சில வாரங்கள்தான் எங்கள் மைதானம். கமுகுத் தடி நான்கு நட்டால் கோல். தையல் விட்ட பந்து ஒன்று. நெல் அறுத்த தாள் உள்ளங்காலில் குத்தும்.

அந்த வயலில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஆடினோம். அதைச் சமத்துவம் என்று சொல்லிவிட முடியாது. பந்து யாருடையதோ அவன் முன்னால் ஆடுவான். வயல் யாருடையதோ அவன் தம்பியும் முன்னால் ஆடுவான். நம் பிள்ளைகளைப் பார்த்து, "லேய், நீ பேக்குல நில்லு" என்பார்கள். அல்லது கோலி. பந்து சானலில் விழுந்தால் இறங்கி எடுக்க வேண்டியவர்கள் நாங்கள். முள்ளுக்குள் போனாலும் நாங்கள். ஆனால் பந்து பக்கத்து வீட்டு மதிலைத் தாண்டி முற்றத்தில் விழுந்தால் மட்டும் எங்களை விடமாட்டார்கள். அப்போது முன்னால் ஆடுகிறவனே ஓடிப்போய் எடுத்து வருவான். எந்த இடத்துக்குள் யார் போகலாம் என்பதை எங்களுக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. பந்து விழுந்த இடம் பார்த்துக் கற்றுக்கொண்டோம்.

சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரிப்பது என்று 1936இல் அண்ணல் அம்பேத்கர் எழுதினார். சமூகவியல் வகுப்பில் அதைப் படித்தபோது எங்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த ஏலாதான். கால்பந்தில் வேலைப் பிரிவினை உண்டு. ஒருவர் அடிக்க, ஒருவர் தடுக்க, ஒருவர் பந்தைக் கடத்தித் தரவேண்டும். திறமையையும் விருப்பத்தையும் பார்த்து இடம் தந்தால் அது ஆட்டம். வீட்டுப் பெயரைப் பார்த்து இடம் தந்தால் அது ஊர். நாங்கள் ஆடியது ஊரைத்தான்.

ஆனாலும் பேக்கில் நின்றதால் ஒன்று கிடைத்தது. முன்னால் ஆடுகிறவனுக்குப் பந்தும் கோலும் தெரியும். பின்னால் நிற்கிறவனுக்கு மொத்த ஆட்டமும் தெரியும். யார் ஓடவில்லை, யார் களைத்துவிட்டான், எந்தப் பக்கம் ஓட்டை விழுந்திருக்கிறது என்பதெல்லாம் அவன் கண்ணில் படும். சத்யன் என்ற பெயர் எங்களுக்குள் போய் உட்கார்ந்ததற்கு இதுவே காரணம். எங்களை நிறுத்திய அதே இடத்தில், தானாக விரும்பி, தலை நிமிர்ந்து நின்ற ஒருவர் இருக்கிறார் என்பதை வானொலி சொல்லித்தான் அறிந்தோம்.

2. இடம் மாறிய ஊர்கள்

மலையாள வீரரின் பெயர் இரணியல் பிள்ளைகளுக்கு எப்படி வந்தது? அதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சிக் குடிகள். சத்யன் பிறந்த சொக்ளிப் பகுதியோ, இன்றைய கண்ணூர் மாவட்டம், அன்று மதராஸ் மாநிலத்தின் மலபாரைச் சேர்ந்தது. மொழிவாரி மாநிலம் வந்த அதே நாளில் நாம் இந்தப் பக்கம் வந்தோம், அவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். கோடு மாறியதே தவிரக் காது மாறவில்லை. திருவனந்தபுரம் வானொலியில் வரும் மலையாளக் கால்பந்து வர்ணனை எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்தப் பக்கத்து டீக்கடைகளில் நின்றபடி கேட்கப்பட்டது. எங்களுக்கு மலையாளம் பழகியதில் அந்த வர்ணனைக்கும் பங்கு உண்டு.

திருவிதாங்கூர் என்றதும் நம் நினைவுக்கு வருவது அரண்மனை அல்ல. இரணியலிலும் கல்குளத்திலும் 1822 தொடங்கித் தோளை மூடும் உரிமைக்காகப் பெண்கள் அடிபட்ட நாடு அது. 1859இல்தான் அரசு பிரகடனம் வெளியிட்டு அதில் ஒரு பகுதியை ஒப்புக்கொண்டது. 1893இல் அய்யன்காளி வில்லுவண்டி ஏறிப் பொதுச்சாலையில் போனார். ஒரு வண்டி சாலையில் போவதே போராட்டமாக இருந்த காலம். 1926இல் சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்தது. கோயில் நுழைவுப் பிரகடனம் வர 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சாலைக்கும் தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்த இந்தப் போராட்ட வரிசையில் மைதானத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. யாரும் வந்து நிற்கலாம், யாருடைய காலும் யாருடைய காலிலும் படலாம் என்ற இடம் நம் சமூகத்தில் எத்தனை இருந்தது? மைதானம் பொதுச்சாலையைப் போன்றது. சாலையில் ஒதுங்கிப் போகச் சொல்லலாம். மைதானத்தில் ஒதுங்கினால் ஆட்டமே இல்லை.

3. ஸ்டாப்பர்

சத்யன் 1965 ஏப்ரல் 29 அன்று பிறந்தார். கண்ணூரின் உள்ளூர் ஆட்டங்களிலிருந்து எழுந்து, எண்பதுகளின் நடுப்பகுதியில் கேரளக் காவல்துறை அணிக்கு வந்தார். அந்த அணியைப் பற்றி நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். முன்களத்தில் ஐ. எம். விஜயன், சி. வி. பாப்பச்சன். பின்களத்தில் யு. ஷரஃபலி, சத்யன். 1990இல் திருச்சூரிலும் 1991இல் கண்ணூரிலும் நடந்த ஃபெடரேஷன் கோப்பையை இரண்டு முறையும் இவர்களே வென்றார்கள். கேரளத்திலிருந்து அந்தக் கோப்பையை முதலில் வென்ற அணி இது. கொல்கத்தாவும் கோவாவும் ஆண்டுகொண்டிருந்த ஆட்டத்தில், மாதச் சம்பளம் வாங்கும் காவலர்கள் போய்க் கோப்பையை எடுத்தார்கள்.

சந்தோஷ் கோப்பை மாநிலங்களுக்கிடையே நடப்பது. கேரளம் அதை முதலில் வென்றது 1973 டிசம்பரில், கொச்சியில், ரயில்வேஸ் அணியை 3–2 என்று வீழ்த்தி. அந்த மூன்று கோலையும் அடித்தவர் அணித் தலைவர் மணி. கேரளத்தில் வயதானவர்கள் யாரிடம் கேட்டாலும் மணியின் மூன்று கோலைச் சொல்வார்கள். அடுத்த வெற்றிக்குக் கேரளம் 1992 வரை காத்திருந்தது. இடம் நம் கோயம்புத்தூர். இறுதி ஆட்டத்தில் கோவாவுக்கு எதிராக 3–0. தலைவர் சத்யன். இந்தக் கணக்கில் 3 என்ற எண்ணுக்குப் பின்னால் கோல் அடித்தவர்களின் பெயர்கள் உண்டு. அந்தப் பூஜ்யத்துக்குப் பின்னால் யாருடைய பெயரும் எழுதப்படுவதில்லை. ஆனால் அந்தப் பூஜ்யமும் தொண்ணூறு நிமிட உழைப்பால் வந்ததுதான்.

தடுப்பாட்டம் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் நடுத் தடுப்பாளரை ஸ்டாப்பர் என்போம். எதிரணியின் அடிக்கிறவனோடு அவர் உடலால் மோதுவது பார்ப்பவர்களுக்குத் தெரியும். தெரியாத வேலைகள் பல. தன் வரிசையில் இருக்கும் நான்கு பேரையும் ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும். ஒருவர் ஓரடி பின்தங்கினாலும் ஆஃப்சைடு கிடைக்காது. பக்கத்தில் இருப்பவன் முன்னே போனால் அவன் இடத்தையும் சேர்த்துக் காக்க வேண்டும். உயரப் பந்துக்கு எழும்பும்போது எதிராளியின் முழங்கையும் தலையும் முகத்தில் படும் என்று தெரிந்தே எழும்ப வேண்டும். இடைவிடாமல் பேச வேண்டும். நல்ல ஸ்டாப்பர் ஆட்டம் முடிந்ததும் தொண்டை கட்டித்தான் வெளியே வருவார். இதெல்லாம் சரியாக நடந்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காததை எந்தச் செய்தித்தாள் எழுதும்?

சத்யன் 1991 முதல் 1995 வரை இந்திய அணியின் தலைவராக இருந்தார். 1995 டிசம்பரில் மதராஸில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் அவர் இருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான் கிளப்புகளிலும் ஆடினார். பிறகு சென்னைக்கு வந்து இந்தியன் வங்கி அணியில் சேர்ந்தார். பல ஆண்டுகள் காலில் காயத்தோடும் வலியோடும் ஆடியவர். காவல்துறை, கிளப், வங்கி என்று அவர் கடந்த மூன்று இடங்களைத் தொடர்ந்தால் இந்தியக் கால்பந்தின் சமூக வரலாறே கிடைக்கும்.

4. ஒரே சம்பளத் தட்டு

இந்தியாவில் ஏழைப் பிள்ளை எப்படிப் பந்தாடிப் பிழைத்தான்? கொல்கத்தாவின் பெரிய கிளப்புகளில் ஆட்டத்துக்குப் பணம் உண்டு. மற்ற இடங்களில், துறை அணிகளே ஏணியாக இருந்தன. காவல்துறை, ரயில்வே, மின்வாரியம், அரசு வங்கிகள், துறைமுகம், பொதுத்துறை ஆலைகள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. காலையும் மாலையும் பயிற்சி. ஆட்டத்துக்குப் போனால் பணிநாள் கணக்கு. ஆட முடியாத வயதில் மேசை வேலை. இறுதியில் ஓய்வூதியம்.

விஜயனின் கதை பலருக்குத் தெரியும். திருச்சூர் மைதானத்தின் படிக்கட்டில் சோடா விற்ற சிறுவன், அதே மைதானத்துக்குள் இறங்கி ஆடினான். அவனைப் படிக்கட்டிலிருந்து இறக்கிக் கொண்டுபோனது சந்தை அல்ல, ஒரு அரசுத் துறை. 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ தந்தார்கள். அந்த விருதின் வேர் ஒரு பணி நியமன உத்தரவில் இருக்கிறது.

இதில் நாம் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. துறை அணியில் கோல் அடிப்பவருக்கும் தடுப்பவருக்கும் ஒரே பதவியென்றால் ஒரே சம்பளத் தட்டு. ஒரே அடிப்படைச் சம்பளம், ஒரே பஞ்சப்படி. விஜயனின் காலுக்குத் தனி விலை, சத்யனின் தலைக்குத் தனி விலை என்று அங்கே கிடையாது. கண்ணுக்குத் தெரியும் உழைப்பையும் தெரியாத உழைப்பையும் ஒரே தராசில் வைத்த இடம், எவ்வளவோ குறைகள் இருந்தும், அரசு வேலைதான். இடஒதுக்கீட்டுக்காகப் போராடும் நாம் இதை மறக்கக் கூடாது.

காவல்துறை என்றதும் உங்களில் சிலர் முகம் சுளிப்பது எங்களுக்குப் புரிகிறது. நம் சேரிகளில் நள்ளிரவில் கதவைத் தட்டியதும் அந்தச் சீருடைதான். அந்தக் கணக்கு வேறு, அதை நாம் விடப்போவதில்லை. அதே சீருடை ஒரு கூலி வீட்டுப் பிள்ளைக்கு மூன்று வேளைச் சோற்றையும் பூட்ஸையும் தந்தது என்பதும் வரலாறு. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

பிறகு என்ன நடந்தது? 1996இல் தேசிய லீக் தொடங்கியது. 1997இல் கொச்சியில் எஃப்சி கொச்சின் என்ற தொழில்முறை கிளப் பெரிய ஆரவாரத்தோடு வந்தது. பணமில்லாமல் சில ஆண்டுகளில் மூடிப்போனது. 2014இல் ஐஎஸ்எல் வந்தது. ஒளி, இசை, சினிமா நட்சத்திரங்கள் எல்லாம் வந்தன. துறை அணிகள் ஒவ்வொன்றாக ஓரத்துக்குப் போயின. எங்கள் பக்கத்து வீடுகளில் பலருக்குத் தெரிந்த ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூரும் ஒரு காலத்தில் பேர்பெற்ற அணி வைத்திருந்தது. 2017 ஏப்ரல் 1 அன்று அந்த வங்கியே பாரத ஸ்டேட் வங்கியோடு இணைக்கப்பட்டு இல்லாமல் போனது.

புதிய ஏற்பாட்டால் நன்மையே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. நம் மாவட்டத்தின் தூத்தூர்க் கடற்கரை ஊர்களில் தலைமுறைகளாகப் பந்தாடுகிறார்கள். இரவிப்புத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் அந்த மணலிலிருந்து ஐஎஸ்எல் வரை போனார். கடலோர மக்கள் 2017 ஒக்கிப் புயலில் இழந்தது கொஞ்சமல்ல. அந்த ஊர்களிலிருந்து ஒரு பிள்ளை நாடறிய ஆடியது நமக்கும் பெருமைதான். ஆனால் 2025 ஜூலையில் உரிம ஒப்பந்தச் சிக்கலால் ஐஎஸ்எல் நிறுத்திவைக்கப்பட்டபோது என்ன ஆனது? சென்னை, பெங்களூரு கிளப்புகள் வீரர்களின் சம்பளத்தை நிறுத்திவைத்தன. ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை என்ன என்பது தூய்மைப் பணியாளர்களுக்குத் தெரியும். இப்போது பந்தாடுகிறவர்களுக்கும் தெரிந்துவிட்டது.

5. பல்லாவரம்

2006 ஜூலை 18 அன்று, சென்னை பல்லாவரம் ரயில் நிலையத்தில், சத்யன் தன் வாழ்வை முடித்துக்கொண்டார். அப்போது அவருக்கு 41 வயது.

ஒரு தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. அவருடைய கடைசி நாட்களைத் தோண்டிக் கதை கட்டுவது நம் வேலையும் அல்ல. கேட்க வேண்டிய கேள்வி வேறு. நாட்டின் அணியைத் தலைமையேற்று நடத்திய ஒருவர் ஆட்டம் முடிந்த பிறகு எங்கே போய் நிற்கிறார்? கால் வலிக்கிறது என்று யாரிடம் சொல்கிறார்? மனம் வலிக்கிறது என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? பின்களத்தில் நிற்பவருக்கு ஒரு பழக்கம் பதிந்துவிடும். மற்றவர்களின் தவறுக்கும் நானே பொறுப்பு, நான் விழுந்தால் எல்லாம் போய்விடும் என்ற பழக்கம். நம் வீடுகளில் மூத்த பிள்ளைகளுக்கும் நம் இயக்கங்களில் முழுநேர ஊழியர்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. இங்கே இருக்கும் இளைஞர்களிடம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். தனியாகத் தாங்க முடியாத சுமை வந்தால் பக்கத்தில் நிற்கும் தோழரைக் கூப்பிடுங்கள். பின்களத்தில் முதலில் கற்றுத்தருவது அதைத்தான்.

சத்யன் இறந்து 12 ஆண்டுகள் கழித்து, 2018இல், பிரஜேஷ் சென் இயக்கத்தில் ஜெயசூர்யா நடித்து 'கேப்டன்' என்ற மலையாளப் படம் வந்தது. புதிய தலைமுறைக்குச் சத்யனின் பெயர் திரும்பக் கிடைத்தது. மகிழ்ச்சி. ஆனால் ஆடியபோது கண்ணில் படாத உழைப்பு, மரணத்துக்குப் பிறகே கண்ணில் பட்டது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

6. பழி யார்மேல் விழுகிறது

தடுப்பாளரின் சரியான வேலை பதிவாவதில்லை என்றோம். அவருடைய தவறு மட்டும் தவறாமல் பதிவாகும். உலகமே இதற்குச் சாட்சி.

1950 ஜூலை 16 அன்று பிரேசிலின் மரக்கானா மைதானத்தில் உலகக் கோப்பையை முடிவுசெய்யும் ஆட்டம். உருகுவே 2–1 என்று வென்றது. நாடே அழுதது. பிறகு பழி சுமத்த ஆள் தேடியது. பதினொரு பேரில் மூன்று பேர்மேல் பழி விழுந்தது. கோல்காப்பாளர் பார்போசா, தடுப்பாளர்கள் பிகோடே, ஜூவெனல். மூவரும் கறுப்பர்கள். அன்று போதிய கோல் அடிக்காத முன்களத்தை யாரும் அந்த அளவுக்கு விசாரிக்கவில்லை. பார்போசா 2000இல் இறக்கும்வரை அந்தப் பழி அவரோடு நடந்தது.

1994 உலகக் கோப்பையில் கொலம்பியாவின் தடுப்பாளர் ஆந்திரேஸ் எஸ்கோபார், எதிரணியின் பந்தைத் தடுக்கக் காலை நீட்டினார். பந்து பட்டுத் தன் கோலுக்குள்ளேயே போனது. பத்து நாள் கழித்து, ஜூலை 2 அன்று, மெடெயின் நகரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். பல்வங்கர் பாலு கிரிக்கெட் பந்துவீச்சாளர். தலித். புனேயில் மைதானத்தைப் பராமரிக்கும் வேலையிலிருந்து தொடங்கியவர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தார். களத்தில் அவர் வீசிய பந்தை எல்லோரும் தொட்டார்கள். இடைவேளையில் அவருக்குத் தேநீர் தனியாக, வெளியே, மண் குவளையில். இந்து அணிக்கு அத்தனை ஆண்டுகள் ஆடியும் தலைமையை அவருக்குத் தரவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டல் அந்த இடத்தைப் பெற்றார்.

இவற்றை அடுக்குவது பரிதாபம் தேடி அல்ல. சாக்கடை அடைக்காமல் இருக்கும் நாட்களில் அதைச் சுத்தம் செய்பவரை யாரும் நினைப்பதில்லை. அடைத்த அன்றுதான் பெயர் சொல்லித் திட்டுகிறார்கள். மைதானத்திலும் இதே கணக்கு நடக்கிறது. கிடைக்கும் பெருமை முன்வரிசைக்கும் வரும் பழி பின்வரிசைக்கும் போகும். அந்தப் பின்வரிசையில் யாரை நிறுத்துவது என்பதைப் பிறப்பும் நிறமும் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் பழி எங்கே விழும் என்பதும் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது.

சத்யனை நாம் நம் பட்டியலில் சேர்த்துக்கொள்வதற்காக இந்த உரை எழுதப்படவில்லை. வரலாற்றை எந்த இடத்தில் நின்று பார்ப்பது என்பதை அவருடைய வாழ்க்கை நமக்குக் காட்டித் தருகிறது. அதற்காகவே எழுதினோம்.

7. இனி

மாணவர்களுக்கு இரண்டு வேலை. முதலாவது, உங்கள் ஊரில் ஆடியவர்களின் வரலாற்றை எழுதுங்கள். எந்த ஏலாவில், எந்தக் கடற்கரையில், எந்தத் தேவாலய வளாகத்தில் ஆட்டம் நடந்தது? யாரை எங்கே நிறுத்தினார்கள்? பந்து மதில் தாண்டினால் யார் எடுத்தார்கள்? பரிசளிப்பு மேடையில் யார் அமர்ந்தார்கள்? அறுபது வயது தாண்டியவர்களிடம் இப்போதே கேளுங்கள். கோப்பைகளின் பட்டியல் எங்காவது கிடைத்துவிடும். இந்தக் கேள்விகளுக்குப் பதில் அவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

இரண்டாவது, உங்கள் ஊராட்சியில் விளையாட்டுத் திடல் இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது, நம் குடியிருப்பிலிருந்து அதற்குப் போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கிராமசபையில் எழுந்து கேளுங்கள். ஏலாக்கள் வீட்டுமனைகளாகிக் கொண்டிருக்கின்றன. நாங்கள் ஆடிய வயலில் இன்று மதில்கள் நிற்கின்றன. பொதுத் திடல் இல்லாத ஊரில் பணம் கட்டி ஆடும் புல்தரைகள் வரும். அங்கே பின்வரிசையில் நிற்கக்கூட நம் பிள்ளைகளுக்கு இடம் இருக்காது.

செயல்பாட்டாளர்களுக்கு ஒன்று. தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் பட்டியலினப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். ஆடும்போது உடைந்த காலுக்கும், ஆட்டம் நின்ற பிறகு உடையும் மனதுக்கும் சிகிச்சை தரும் பொறுப்பை அரசும் சங்கங்களும் ஏற்க வேண்டும் என்று கேட்போம். ஒப்பந்த வேலைக்கு எதிராக நாம் தூய்மைப் பணியாளர்களோடு நிற்கும் பந்தலில் ஆடுகிற பிள்ளைகளையும் அழைத்து வந்து உட்கார வைப்போம்.

சென்ற மாசியில் எங்கள் பக்கத்து ஊரில் மிஞ்சியிருக்கும் ஒரே வயலில் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெண் பிள்ளை ஸ்டாப்பராக நின்றாள். பன்னிரண்டு வயது இருக்கும். யாராவது உன்னைப் பேக்கில் நிற்கச் சொன்னார்களா என்று கேட்டோம். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இல்ல, நாந்தான் கேட்டு நிக்கேன்" என்றாள். கையை நீட்டி, முன்னால் நின்ற பையன்களைப் பார்த்து, இறங்கி வா, ஆளைப் பிடி என்று கத்திக்கொண்டிருந்தாள். அவர்களும் இறங்கி வந்தார்கள்.

ஜெய்பீம்.